ஒரே சிஒய்பி51 வரிசை, ஆனால் ஒன்று சாகிறது, ஒன்று சாகவில்லை. எதைத் தவறவிட்டேன்?

கோதுமைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அயர்லாந்தில் பயிர் நோயியலில் ஆராய்ச்சி முதுகலை செய்கிறேன், இரண்டாம் வருடம். ஊர் திண்டுக்கல் பக்கம். கோதுமையை மாவாக மட்டுமே பார்த்து வளர்ந்தவள், இப்போது நாளெல்லாம் அதன் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பூஞ்சையின் பெயர் சைமோசெப்டோரியா ட்ரிட்டிசி. இலையில் பழுப்புத் திட்டாக வந்து, அதன்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளி வைக்கும். மழைத்துளி தெறித்துத் தெறித்துத்தான் மேல் இலைக்கு ஏறும். இங்கே மழைக்கு என்ன பஞ்சம்!

போன கோடையில் வயலிலிருந்து கொண்டுவந்த இலைகளை ஈரத்தாள் போட்ட டப்பாவில் ஓர் இரவு வைத்து, அந்தக் கறுப்புப் புள்ளிகளிலிருந்து பிதுங்கிய வித்துகளை ஊசி முனையால் எடுத்து வளர்த்தேன். அவற்றில் நான்கு கல்ச்சர்கள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம்.

அ, ஆ, இ மூன்றிலும் அசோல் மருந்துகள் குறிவைக்கும் நொதிக்கான சிஒய்பி51 ஜீனைப் படித்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 381-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் வாலின். 459, 460 ஆகிய இரண்டு அமினோ அமிலங்களையும் காணோம். சரி, மூன்றும் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்து டெபுகோனசோல் என்ற அசோல் பூஞ்சைக்கொல்லியை வைத்துத் தட்டு போட்டேன். அ-வின் வளர்ச்சியைப் பாதியாக்க ஆகும் மருந்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஆ-வுக்கும் இ-க்கும் ஆகிறது. மூன்று முறை போட்டாயிற்று.

ஈ இன்னொரு தலைவலி. அதில் 136-இல் வாலின் போய் அலனின் வந்திருக்கிறது, 381 மாறவில்லை. டெபுகோனசோலுக்கு ஓரளவு அடங்குகிறது. இன்னொரு அசோலான புரோகுளோராஸ் ஊற்றினால் கண்டுகொள்ளவே இல்லை. அ இதற்கு நேர் எதிர். இரண்டு மருந்தும் ஒரே நொதியைத்தானே பிடிக்கின்றன?

இளங்கலையில் "அசோல் மருந்துகள் எர்கோஸ்டீரால் உற்பத்தியைத் தடுக்கின்றன" என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு இந்த விஷயத்துக்கும் எனக்கும் உறவு முடிந்துவிட்டது. ஆய்வகக் கூட்டத்தில் ஒருவர் "புரதம் ஒன்றேயானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டபோது ஸ்லைடைப் பார்த்தபடி நின்றேன். ஆங்கிலத்தில் கட்டுரைகள் கிடக்கின்றன, படிக்கிறேன். தமிழில் ஒருவர் உட்காரவைத்துச் சொன்னால் மண்டையில் தங்கும் என்று இங்கே வந்தேன்.

தட்டுக்கழுவி:

முதலில் தட்டைச் சந்தேகப்படு, அப்புறம் இயற்கையைச் சந்தேகப்படலாம். மூன்று கல்ச்சருக்கும் வித்து எண்ணிக்கை ஒன்றாக வைத்தாயா? கல்ச்சர் பழசாகி மெலனின் ஏறிக் கறுத்திருந்தால் ஒளியடர்த்தி அளவு பொய் சொல்லும். ஐபிஓ323-ஐயும் பக்கத்தில் வைத்தாயா? மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்ட நெதர்லாந்துக் கல்ச்சர் அது. மருந்தைத் தாங்கும் எந்த மாற்றமும் இல்லாதது, அதுதான் உன் அளவுகோல். என் முதல் வருடத் தட்டுகளில் பாதி, மருந்து சரியாகக் கரையாததால் வந்த "எதிர்ப்புத்திறன்".

கோதுமைப்பொண்ணு:

நான்கு நாள் கல்ச்சர், 18 டிகிரி, வெளிர் ரோஜா நிறத்தில் ஈஸ்ட் மாதிரி இருக்கும்போதே எடுத்தேன். ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணித்தான் ஊற்றினேன். ஐபிஓ323 ஒவ்வொரு தட்டிலும் இருந்தது, ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் செத்தது.

பொள்ளாச்சித் தாத்தா:

அம்மா, நான் இந்தப் பூஞ்சையோடு இங்கிலாந்தில் ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவன். இப்போது பொள்ளாச்சியில் தென்னையும் பேரனும். கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

ஒரே ஒரு விவரம் சொல்லு. ஜீனை நகலெடுக்கத் தொடக்கமாகப் போட்ட உன் முன் பிரைமர் எங்கே உட்காருகிறது? புரதத்துக்கான எழுத்து தொடங்கும் ஏடிஜி-யிலேயா? நீ பதில் போடுவதற்குள் மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த இரண்டு மதிப்பெண் பதிலைக் கொஞ்சம் விரிப்போம். நம் செல் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால்போல் பூஞ்சைக்கு எர்கோஸ்டீரால். தான்றே என்ற பிரெஞ்சுக்காரர் 1889-இல் அதை எர்கட்டிலிருந்து பிரித்தெடுத்தார், பெயர் அப்படி வந்ததுதான். எர்கட் என்றால் ரை தானியத்தில் வரும் பூஞ்சை. நம் கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் வருகிறதே, அதன் பங்காளி. ஆக, இந்தப் பொருள் உலகத்துக்கு அறிமுகமானதே ஒரு பயிர்நோய்ப் பூஞ்சை வழியாகத்தான். எனக்கு இது எப்போதும் பிடித்த சேதி.

அசிட்டைல் கோ-ஏ-யில் தொடங்கி ஸ்குவாலீன் வரை போய், அங்கே சங்கிலி வளைந்து லானோஸ்டீரால் ஆகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் படம் ஈஸ்ட்டுக்கானது. ஈஸ்ட்டில் சிஒய்பி51 நேரே லானோஸ்டீராலைப் பிடித்து, 14-ஆம் கார்பனில் தொங்கும் மெத்தில் தொகுதியை வெட்டிவிடும். உன் பூஞ்சையைப் போன்ற இழைப் பூஞ்சைகளிலோ அதற்கு முன்பே இன்னொரு நொதி வந்து வால் பக்கத்தில் ஒரு கார்பனைச் சேர்த்துவிடும். அந்தப் பொருள் எபுரிகால். உன் நொதி கையாள்வது அதைத்தான். ஆய்வேட்டில் இதை மாற்றி எழுதிவிடாதே, வாய்மொழித் தேர்வில் பிடித்துக்கொள்வார்கள்.

சிஒய்பி51 ஒரு சைட்டோகுரோம் பி450. அதன் குழிக்குள் ஹீம், ஹீமின் நடுவில் இரும்பு. ஆக்சிஜன் வந்து உட்கார வேண்டிய சீட் அந்த இரும்பு. அசோலின் வளையத்தில் இருக்கும் நைட்ரஜன் முந்திக்கொண்டு அதில் துண்டு போட்டுவிடுகிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதே வேலைதான். எபுரிகால் வாசலில் நிற்கும், உட்கார இடமில்லை. எர்கோஸ்டீரால் குறைகிறது, மெத்தில் கழலாத ஸ்டீரால்கள் சவ்வில் சேர்கின்றன, சவ்வு கெடுகிறது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி, அது சுலபம். எல்லா அசோலும் இரும்பில்தான் துண்டு போடுகிறது, ஆனால் துண்டின் மறுமுனை ஆளுக்கு ஆள் வேறு. டெபுகோனசோலின் உடம்பு ஒரு வடிவம், புரோகுளோராஸின் உடம்பு வேறொரு வடிவம். குழியின் சுவரில் அவை உரசும் இடங்களும் வேறு. 381 மாறினால் டெபுகோனசோலின் பிடி தளர்கிறது. 136 மாறினால் புரோகுளோராஸின் பிடி. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 2007-இல் வந்த வேலை இதை வயலிலேயே காட்டியது. டெபுகோனசோல் அடித்த இடத்தில் 381 மாறியவை பெருகின, புரோகுளோராஸ் அடித்த இடத்தில் அவை குறைந்தன. அப்போது விவசாயிகளுக்கு இது நல்ல சேதி: மருந்தை மாற்றி மாற்றி அடித்தால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும். அந்த நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. இந்தப் பூஞ்சை அறுவடைக்குப் பின் மிஞ்சும் கோதுமைத் தாளில் உட்கார்ந்து பாலினப் பெருக்கம் செய்யும், காற்றில் வித்து விடும். சில வருடங்களில் 136, 381 இரண்டும் ஒரே ஜீனில் சேர்ந்த ரகங்கள், கூடவே 524-இல் செரின் போய் திரியோனின் வந்தவையும், வயலுக்கு வந்துவிட்டன. உன் அயர்லாந்து வயல்களில் தேடினால் கிடைக்கும்.

இங்கே ஒரு சொந்தக் கதை. நான் போன புதிதில் "இந்த ஜீனையே நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்" என்றார்கள். ஜீனை மாற்ற உதவும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை வைத்து எட்டு மாதம் முயன்றேன். மற்ற ஜீன்களுக்கெல்லாம் காலனி வந்தது, இதற்கு ஒன்றுகூட வரவில்லை. கையில் ராசியில்லை என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: இதற்கு இருப்பது ஒரே ஒரு சிஒய்பி51. அதை எடுத்தால் பிணம்தான் மிஞ்சும், பிணம் காலனி வைக்காது. கோதுமைக் கதிரைத் தாக்கும் ஃபியூசேரியம் கிராமினியேரத்துக்கு மூன்று பிரதிகள் உண்டு, ஏ, பி, சி என்று. அதில் ஏ-வை எடுத்தால் உயிரோடு இருக்கும், ஆனால் அசோலுக்கு அதிகமாக அடங்கும். சி-யை எடுத்தால் வளரும், கதிரைத் தாக்கும் வலு குறையும். நெல் குலைநோய்ப் பூஞ்சைக்கு இரண்டு. உன் பூஞ்சைக்கு அந்த வசதி இல்லை.

இதனால்தான் அசோல் எதிர்ப்பு படிப்படியாக வருகிறது. ஸ்ட்ரோபிலுரின் என்ற வேறொரு குடும்பத்து மருந்துகளின் கதை வேறு. அவை பிடிக்கும் சைட்டோகுரோம் பி-யில் (இது பி450 அல்ல, செல்லின் சுவாசத்துக்கான புரதம்) 143-ஆம் கிளைசின் அலனினாக ஒரே ஓர் இடம் மாறியது, 2000-களின் தொடக்கத்தில் சில பருவங்களுக்குள் மருந்து கையை விட்டுப் போயிற்று. சிஒய்பி51-இல் அப்படி முடியாது. துண்டை வழுக்கவைக்கும் மாற்றம் எபுரிகாலையும் வழுக்கவைத்துவிடக் கூடாதே! 381 மாற்றத்தை மட்டும் தனியாக வைத்துச் செய்த நொதியை ஈஸ்ட்டுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஈஸ்ட்டின் சொந்த ஜீனை டாக்சிசைக்ளின் கொடுத்து அணைத்துவிட்டு, இந்த நொதியை நம்பி வாழ்கிறதா என்று பார்க்கும் சோதனை. வாழவில்லை. 461-இல் இன்னொரு மாற்றத்தைக் கூடவே சேர்த்ததும் ஓரளவு வாழ்ந்தது. 381 ஒரு கால் ஊனம், அந்த 459–461 பக்கத்து மாற்றம் ஊன்றுகோல். உன் அ, ஆ, இ மூன்றிலும் 459, 460 காணாமல் போயிருப்பதைத் தற்செயல் என்று நினைக்காதே. அதனால்தான் எங்கள் காலத்தில் ஒற்றை மாற்றத்தை எண்ணுகிறவனைப் பார்த்தால் கோபம் வரும். சேர்க்கையைப் படிக்க வேண்டும்.

பிரைமர்?

கோதுமைப்பொண்ணு:

ஐயா, வெட்கமாக இருக்கிறது. ஏடிஜி-யிலேயே தொடங்குகிறது. ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்த பிரைமர், அப்படியே எடுத்துப் போட்டேன்.

பொள்ளாச்சித் தாத்தா:

வெட்கம் எதற்கு? பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். புரதம் மட்டும்தான் முக்கியம் என்ற பழக்கம்.

சீட்டின் வடிவத்தை மாற்றாமலே துண்டுக்காரனை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது: சீட்டுகளை அதிகமாக்குவது. கொண்டுவந்த துண்டு பத்து, சீட்டு நூறு. 2012-இல் இதே பூஞ்சையில் காட்டினார்கள். சிஒய்பி51-க்கு முன்னால், ஜீனை ஓடவைக்கும் சுவிட்சான புரோமோட்டரில் 120 எழுத்து நீளத் துணுக்கு ஒன்று செருகியிருந்தது. அந்த ரகங்களில் ஜீன் 10 முதல் 40 மடங்கு வரை அதிகமாக ஓடியது, மருந்து இல்லாதபோதும்! ஒரு குறிப்பிட்ட அசோல் என்றில்லை, சோதித்த அசோல் எல்லாவற்றுக்கும் அடங்காமை கூடியது. ஆரஞ்சு, எலுமிச்சையில் பச்சைப் பூசணம் வைக்கும் பெனிசீலியம் டிஜிட்டேட்டம் இதே தந்திரத்தை அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. அதில் 126 எழுத்துத் துண்டு ஒன்று ஐந்து முறை அடுக்கி வந்திருந்தது. நெருங்கிய உறவில்லாத இரண்டு பூஞ்சைகள், வேறு வேறு துணுக்கு, ஒரே வேலை. மனுஷன் நுரையீரலுக்கு வரும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸிலும் 34 எழுத்து இரட்டித்து வந்த ரகம் இருக்கிறது, அது வயல் அசோலால் வந்ததா என்ற வழக்கு தனி. அதற்குள் போனால் இந்த இழை முடியாது.

ஆகவே ஏடிஜி-க்கு மேலே ஐந்நூறு எழுத்து தள்ளி ஒரு பிரைமர், ஜீனுக்குள் நூறு எழுத்தில் இன்னொன்று. சாதாரண பிசிஆர், சாதாரண அகரோஸ் ஜெல். சீக்வென்ஸ்கூட வேண்டாம், துணுக்கு செருகியிருந்தால் நீளம் கூடிப் பட்டை மேலே நிற்கும், அப்படி நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும். அதற்கப்புறம் ஆர்என்ஏ எடுத்து அளந்து உறுதிசெய்.

மன்னார்குடி மருந்துக்கடை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் படித்தது பி.எஸ்சி. அக்ரி, உரம்-மருந்துக் கடை வைத்திருக்கிறேன். குலைநோய்க்கு டிரைசைக்ளசோல் கேட்டு வருகிறவர்கள், இரண்டாம் முறை வரும்போது "போன தடவை அசோல் அடிச்சாச்சு, மாத்திக் கொடுங்க" என்கிறார்கள். பெயரில் அசோல் இருப்பதால் அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

பொள்ளாச்சித் தாத்தா:

வராது தம்பி, நல்ல கேள்வி. பெயர்தான் அசோல், அதற்கும் ஸ்டீராலுக்கும் சம்பந்தமே இல்லை. டிரைசைக்ளசோல் மெலனின் உற்பத்தியை அடைக்கிறது. குலைநோய்ப் பூஞ்சை இலையைத் துளைக்க ஒரு குமிழ் வைத்து உள்ளே அழுத்தத்தை ஏற்றும், அந்தக் குமிழுக்கு மெலனின் பூச்சு இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது, துளைக்க முடியாது. பூஞ்சை சாகாது, உள்ளே நுழையாது, அவ்வளவே. அதனால் நோய் ஏறியபிறகு அடித்துப் பிரயோஜனம் குறைவு. உறை கருகலுக்கு நீங்கள் கொடுக்கும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல்தான் நிஜமான சிஒய்பி51 ஆட்கள். அவற்றில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதை "மாற்றிக் கொடுத்தேன்" என்று கணக்கு வைக்காதீர்கள். துண்டின் நிறம்தான் மாறுகிறது.

இன்னொன்று. ஊட்டி உருளைக்கிழங்கில் வரும் பின்பருவக் கருகலுக்கு எந்த அசோலும் பேசாது. பைட்டோப்தோரா ஸ்டீரால் தயாரிப்பதே இல்லை, செடியிடமிருந்து திருடிக்கொள்கிறது. அடுப்பே இல்லாத வீட்டில் கேஸை நிறுத்தி என்ன செய்ய?

மன்னார்குடி மருந்துக்கடை:

இதை எழுதிக் கடையில் ஒட்டிவிடுகிறேன். நன்றிங்க ஐயா.

கோதுமைப்பொண்ணு:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஜெல் ஓட்டியாயிற்று. ஐபிஓ323-க்கு 600 பக்கம் பட்டை, எதிர்பார்த்ததுதான். அ-வுக்கும் அதே உயரம். ஆ மட்டும் தெளிவாக மேலே நிற்கிறது, 720 இருக்கும்! இருட்டறையில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆர்என்ஏ அளந்ததிலும் ஆ பல மடங்கு மேலே.

ஆனால் இ கீழேயே இருக்கிறது. ஐபிஓ323-க்கும் அதற்கும் பட்டையில் வித்தியாசமே இல்லை, ஆர்என்ஏ அளவும் அ மாதிரியே. புரதம் ஒன்று, புரோமோட்டர் ஒன்று, நொதியின் அளவும் ஒன்று. இது ஏன் சாகவில்லை?

தட்டுக்கழுவி:

நடத்துநர் துண்டை ஜன்னல் வழியாக வெளியே வீசுகிறார்.

பொள்ளாச்சித் தாத்தா:

தட்டுக்கழுவி சொன்னதுதான், எனக்கு முந்திக்கொண்டான். செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. இந்தப் பூஞ்சையில் எம்எஃப்எஸ்1 என்ற பம்பின் புரோமோட்டரில் 519 எழுத்து நீளமான துணுக்கு செருகிய ரகங்களைப் பிரான்சில் பிடித்தார்கள். பழைய தாவும் ஜீன் ஒன்றின் மிச்சம் அது. பம்பு ஓயாமல் ஓடும். ஸ்டீரால் பாதையில் ஒன்றுமே மாறியிருக்காது, நீ அங்கேயே தேடிக்கொண்டிருப்பாய்.

சோதிக்க ஒரு மலிவான வழி: டோல்னாஃப்டேட். ஆமாம், படர்தாமரைக்குப் போடும் களிம்பில் இருப்பதேதான். அது சிஒய்பி51-க்குச் சில படிகள் முன்னால், ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் நொதியை அடைக்கிறது. கோதுமை வயலில் யாரும் அதை அடிப்பதில்லை, ஆகவே இ-க்கு அதை எதிர்க்கப் பழகிய காரணம் ஏதும் இருக்க முடியாது. அப்படியும் அதில் வளர்ந்தால் பம்பு ஓடுகிறது என்று அர்த்தம். சுத்தமான தூளாக வாங்கி டிஎம்எஸ்ஓ-வில் கரைத்துப் போடு. மருந்துக்கடைக் களிம்பைப் பிழிந்து ஊற்றாதே. சிரிக்காதே, ஒருவர் செய்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோதுமைப்பொண்ணு:

தட்டு படித்தேன். டோல்னாஃப்டேட்டில் ஐபிஓ323 இல்லை, அ இல்லை, ஆ-வும் இல்லை. இ குழி நிறைய ரோஜா நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், "பூசணம் பிடிச்சிருக்கே, தூக்கிப் போடு" என்றாள்.

எம்எஃப்எஸ்1-க்குப் பிரைமர் ஆர்டர் போட்டாயிற்று ஐயா. இந்த முறை ஏடிஜி-யிலிருந்து மேலே ஆயிரத்து ஐந்நூறு எழுத்து தள்ளி வைத்திருக்கிறேன்.